நான்கு கம்பிகளின் சரித்திரம்

1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் தன்னுடைய பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது முதல் ஏறக்குறையப் பதினைந்து வருஷ காலம், அந்த யந்திரத்தோடு இன்னோர் உபகரணத்தைப் பொருத்துவது என்பது, விலை கொடுத்து வாங்கியவர் தாமே அரை என்ஜினீயராக ஆனாலன்றி நிறைவேறாத காரியமாக இருந்தது. யந்திரத்தின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொருவர் தத்தம் தேவைக்காக வகுத்துக்கொண்ட போர்ட்டுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வரிசையாக நிற்கும். மோடத்துக்கும் மௌஸுக்கும் உரிய சீரியல் போர்ட், 1960-இல் அமெரிக்காவில் ஏற்பட்ட ஆர்.எஸ்.232 என்ற பிரமாணத்தின் வழிவந்தது; பிரிண்டருக்குரிய பாரலல் போர்ட், 1970-ஐ ஒட்டி சென்ட்ரானிக்ஸ் என்ற பிரிண்டர் கம்பெனி தன் சொந்த உபயோகத்துக்காகச் செய்துகொண்ட ஏற்பாட்டின் வாரிசு; கீபோர்டுக்கு ஐந்து ஊசிகள் கொண்ட வட்டமான பிளக் ஒன்று. 1987-இல் ஐ.பி.எம். தன் பி.எஸ்.2 வரிசை யந்திரங்களில் அந்த வட்டத்தைச் சுருக்கி, மௌஸுக்கும் அச்சு அசல் அதே வடிவத்தில் இன்னொன்றைப் பக்கத்திலேயே வைத்தபோது, இரண்டையும் மாற்றிச் செருகிவிட்டு, இரண்டும் வேலை செய்யாததன் காரணம் புரியாமல் திகைத்தவர்கள் அநேகர்.

வெளியே தெரிந்த இந்தக் குழப்பத்தைக் காட்டிலும் பெட்டிக்குள்ளே இருந்த சங்கடம் பெரிது. சவுண்ட் கார்டோ, ஸ்கேனரோ புதிதாக வாங்கியவர், பெட்டியின் திருகுகளைக் கழற்றி, உள்ளே ஒரு கார்டைச் செருகி, அதன்மேல் இருக்கும் ஜம்பர் என்னும் மிகச் சிறிய தொப்பிகளை நகத்தால் பிடுங்கி வேறு ஊசிகளில் மாட்டி, ஒவ்வொரு தடவையும் யந்திரத்தை அணைத்து மீண்டும் உயிர்ப்பித்துப் பரீட்சை செய்ய வேண்டியிருந்தது. பிராஸசரைத் தட்டிக் கூப்பிடுவதற்கென்று உபகரணங்களுக்கு அளிக்கப்பட்டிருந்த இன்டரப்ட் எண்கள் அக்காலத்து யந்திரத்தில் சுமார் 15. அவற்றிலும் பல, கடிகாரத்துக்கும் கீபோர்டுக்கும் டிஸ்க்குகளுக்கும் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டவை. முதலாவது சீரியல் போர்ட்டுக்கும் மூன்றாவதற்கும் 4 என்ற எண்ணே பொது. இரண்டாவதற்கும் நான்காவதற்கும் 3 என்ற எண் பொது. ஆகவே, முதல் போர்ட்டில் மௌஸையும் மூன்றாவதில் மோடத்தையும் வைத்துக்கொண்ட ஒருவர், மோடம் டெலிபோன் லைனைப் பிடித்துப் பேசத் தொடங்கிய அதே சமயத்தில், திரையில் மௌஸின் அம்பு அசைவற்று நின்றுவிடுவதைக் காண்பார். மௌஸ் செய்தவரும் மோடம் செய்தவரும் தத்தம் விதியை வழுவாமல் அனுசரித்தவர்களே. இருவருடைய விதிகளும் மோதிக்கொண்டபோது அந்த மோதலைத் தீர்த்துவைக்கும் பொறுப்பு, அதைப்பற்றி ஒன்றும் அறியாதவரும், பணம் கொடுத்தவருமான மூன்றாம் மனிதர் தலையில் விழுந்தது. இந்தப் பல வகைப் போர்ட்டுகளுக்கு மாற்றாகப் பின்னர் வந்த யு.எஸ்.பி. என்னும் பொது இணைப்பின் சரித்திரத்தை, இந்தச் சுமை யார் தலையிலிருந்து இறங்கி யார் தலையில் ஏறிற்று என்பதன் சரித்திரமாகவே நான் படிக்கிறேன்.

அந்தச் சுமையை இறக்கிவைக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் முன்னமே இல்லாமற் போகவில்லை. 1979-இல் வந்த அட்டாரி வீட்டுக் கம்ப்யூட்டர்களில், டிஸ்க் டிரைவும் பிரிண்டரும் ஒரே வகை இணைப்பில் சங்கிலியாகக் கோக்கப்பட்டு, தத்தமக்குரிய விலாசத்தைக் கொண்டு பேசின. அதை வகுத்த ஜோ டெகுயர், பிற்காலத்தில் யு.எஸ்.பி. முயற்சியிலும் பங்கெடுத்துக்கொண்டார். 1986-இல் ஆப்பிள் கம்பெனி கீபோர்டையும் மௌஸையும் ஒரே கம்பியின் வழியே இணைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இரண்டும் அழகான காரியங்களே. ஆயினும் அட்டாரியின் பிளக் அட்டாரிக்கு மட்டும், ஆப்பிளின் பிளக் ஆப்பிளுக்கு மட்டும் என்று அவை தத்தம் மதிலுக்குள்ளேயே அடங்கிவிட்டன. தொழில் நுட்பத்தில் குறை ஏதும் இல்லாதிருந்தும், போட்டிக் கம்பெனிகள் ஒரே மேஜையில் உட்காராத காரணத்தால் அவை பொதுச் சொத்தாகவில்லை.

அந்த மேஜையைப் போட்டவர்களுள் முக்கியமானவர், பரோடாவின் மகாராஜா சயாஜிராவ் சர்வகலாசாலையில் படித்து, நியூயார்க்கில் மேற்படிப்பை முடித்து, 1990-இல் இன்டெல் நிறுவனத்தில் சேர்ந்த அஜய் பட். வீட்டில் மகளின் பள்ளிக்கூட வேலை ஒன்றை அச்சிட்டுக் கொடுப்பதற்குத் தம் மனைவி பிரிண்டரோடு பட்ட பாடுதான் தம்மைச் சிந்திக்க வைத்தது என்று அவர் பேட்டிகளில் கூறியிருக்கிறார். சுவரிலுள்ள பிளக்கில் ஒரு விளக்கைச் செருகுகிறவன் மின்சாரத்தைப்பற்றி ஒன்றும் அறிந்திருக்க வேண்டியதில்லையே, கம்ப்யூட்டரும் ஏன் அவ்வாறு இருக்கக் கூடாது என்ற அவருடைய கேள்விக்கு, முதலில் அவருடைய மேலதிகாரியிடமிருந்து உற்சாகமான பதில் கிடைக்கவில்லை. தம் யோசனைக்கு ஆதரவு தேடி அவர் அதே நிறுவனத்தில் வேறு பிரிவுக்கு மாறிச் சென்றார். அங்கே பாலா சுதர்சன் கடம்பி, ஜெஃப் மோரிஸ், ஷான் நோல், ஷெலா கலஹான் முதலியவர்களோடு சேர்ந்து அவர் செய்த வேலைக்கு 2013-இல் ஐரோப்பிய இன்வென்டர் விருது கிடைத்தது. இது தனி ஒருவருடைய சாதனை அன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

1994-இல் காம்பாக், டிஜிட்டல் எக்விப்மென்ட், ஐ.பி.எம்., இன்டெல், மைக்ரோசாப்ட், என்.ஈ.சி., நார்தர்ன் டெலிகாம் ஆகிய ஏழு கம்பெனிகள் ஒன்றுகூடின. இவற்றுள் பல, கடைத்தெருவில் ஒன்றையொன்று வீழ்த்தப் பிரயத்தனம் செய்துகொண்டிருந்தவை என்பதை நினைத்துப் பார்த்தால், அவை ஒரே பிரமாணத்துக்கு இசைந்ததன் அருமை விளங்கும். டெலிபோன் சாதனங்கள் செய்யும் கனடா தேசத்துக் கம்பெனி ஒன்று இந்தக் கூட்டத்தில் எவ்வாறு வந்தது என்று வியப்பவர்களுக்கு, 1996 ஜனவரியில் வெளியான முதல் பிரமாண நூலிலேயே விடை இருக்கிறது: கம்ப்யூட்டரை டெலிபோனோடு இணைப்பது, உபயோகத்தை எளிதாக்குவது, போர்ட்டுகளைப் பெருக்குவது என்ற மூன்று நோக்கங்களில் டெலிபோனே முதலாவதாகச் சொல்லப்பட்டது. குரல் இடையில் அறுபடாமல் செல்ல வேண்டுமென்பதற்காகவே, காலத்தைச் செகண்டின் ஆயிரத்தில் ஒரு பங்காகக் கூறுபோட்டு, ஒவ்வொரு கூறிலும் ஒலிக்கென்று ஒரு பங்கை முன்பதிவு செய்துவைக்கும் வழக்கம் அதில் ஏற்பட்டது. மேஜை டெலிபோனைக் கம்ப்யூட்டரோடு சேர்த்துவைக்கும் அந்தக் கனவு பலிக்கவில்லை. அதற்காகச் செய்த ஏற்பாட்டை ஸ்பீக்கரும் மைக்கும் காமிராவும் அனுபவிக்கின்றன.

இனி அந்த அமைப்பின் உள்ளமைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். யு.எஸ்.பி.யில் எந்த உபகரணமும் தானாகப் பேசுவதில்லை. வாத்தியார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலன்றிப் பிள்ளைகள் வாய் திறக்காத வகுப்பைப் போல, கம்ப்யூட்டரே சில மில்லி செகண்டுகளுக்கு ஒரு முறை ஒவ்வொன்றையும் விசாரிக்கிறது. கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தியிருந்தாலும், கேட்கும்வரை கீபோர்டு காத்திருக்கிறது. அழுத்துகிறவருக்கு அந்தத் தாமதம் தெரிவதில்லை. இவ்வாறு வகுத்ததனால், தட்டிக் கூப்பிடும் எண்ணுக்காக உபகரணங்கள் சண்டையிட்டுக்கொள்ளும் அவசியமே அற்றுப்போயிற்று; எத்தனை உபகரணங்கள் சேர்ந்தாலும் அவற்றின் பொருட்டு ஒரே ஓர் இன்டரப்ட் எண் போதும். அறிவும் கணக்கும் நினைவும் யாவும் கம்ப்யூட்டரின் பக்கம் வைக்கப்பட்டன. மௌஸ் செய்கிறவன் மிக மலிவான ஒரு சில்லை வைத்துத் தன் கடமையை முடித்துக்கொள்ளலாம். சுமை முதல் தடவையாக, அதைச் சுமக்கத் திராணியுள்ள இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பழைய யு.எஸ்.பி. பிளக் ஒன்றைக் கையில் எடுத்து வாய்ப்பக்கம் உற்றுப் பாருங்கள். உள்ளே நான்கு பித்தளை நிறப் பட்டைகள் தெரியும். ஓரத்து இரண்டும் சற்று நீளம், நடு இரண்டும் சற்றுக் குட்டை. ஓரத்தவை 5 வோல்ட் மின்சாரத்துக்கும் அதன் திரும்பு வழிக்கும் உரியவை, நடுவிலுள்ளவை செய்திக்குரியவை. செருகும்போது முதலில் மின்சாரம் பாய்ந்து உபகரணம் விழித்துக்கொண்ட பிறகே செய்திக் கம்பிகள் தொட வேண்டும் என்பதற்காகவே இந்த நீள வித்தியாசம். யந்திரத்தை அணைக்காமல் செருகவும் பிடுங்கவும் முடிவதன் ரகசியங்களுள் இது ஒன்று. விழித்துக்கொண்ட உபகரணம், செய்திக் கம்பி இரண்டில் ஒன்றை 1,500 ஓம் ரெஸிஸ்டர் ஒன்றின் வழியே மேலே இழுக்கிறது. எந்தக் கம்பி உயர்ந்தது என்பதைக் கொண்டே, வந்திருப்பது செகண்டுக்கு 1.5 மெகாபிட் வேகத்ததா, 12 மெகாபிட் வேகத்ததா என்று கம்ப்யூட்டர் தெரிந்துகொள்கிறது. புதிதாக வந்தவை யாவற்றுக்கும் பூஜ்யம் என்பதே தற்காலிக விலாசம். அந்த விலாசத்தில் கம்ப்யூட்டர் விசாரித்து, 1 முதல் 127 வரை ஓர் எண்ணை அதற்குச் சொந்தமாக்குகிறது. பிறகு, தன்னைச் செய்தவர் எண், தன் எண், தான் எந்த ஜாதி உபகரணம், தனக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பவற்றை அது ஒப்புவிக்கிறது. கம்ப்யூட்டர் அனுமதிக்கும்வரை 100 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கலாகாது. அனுமதி பெற்ற பின்னரும் 500-க்கு மேற்படலாகாது. முன்பு வாங்கியவர் நகத்தால் ஜம்பரைப் பிடுங்கிச் செய்த வேலை முழுவதும் இவ்வாறு ஒரு செகண்டுக்குள், அவர் அறியாமலே நடந்தேறுகிறது.

இந்த ஒப்புவித்தலைக் கம்ப்யூட்டர் அப்படியே நம்பிவிடுகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. பென் டிரைவ் ஒன்று தன்னைக் கீபோர்டு என்று அறிமுகம் செய்துகொண்டால், கீபோர்டாகவே அது உபசரிக்கப்படும். இந்த நம்பிக்கையை எவ்வளவு கொடுமையாகத் துஷ்பிரயோகம் செய்யலாம் என்பதை 2014-இல் ஜெர்மனி தேசத்து ஆராய்ச்சியாளர்கள் மேடையிலேயே செய்து காட்டினார்கள். சௌகரியத்தையே கருதிய 1994-ஆம் வருஷத்து மனிதர்கள் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை.

மலிவு என்பது அவர்களுக்கு ஒரு விரதமாகவே இருந்தது. 1.5 மெகாபிட் என்ற தாழ்ந்த வேகம் ஏற்பட்டதே, மௌஸின் வாலுக்குக் கவசமும் முறுக்கும் இல்லாத சாதாரணக் கம்பி போதும் என்பதற்காகத்தான். கம்ப்யூட்டர்ப் பக்கத்துக்கு நீண்ட சதுர பிளக், பிரிண்டர்ப் பக்கத்துக்குச் சிறு சதுர பிளக் என்று இரண்டு முனைகளையும் வேறு வேறாக்கி, இரண்டு கம்ப்யூட்டர்களைத் தவறி ஒன்றோடொன்று பூட்டிவிடாதபடி செய்ததும் செலவில்லாத காவல். ஆனால் அதே சிக்கனம் ஓரிடத்தில் வாங்கியவர் தலையிலும் கொஞ்சம் சுமையை மிச்சம் வைத்துவிட்டது. பிளக்கை எந்தப் பக்கமாகத் திருப்பிச் செருகினாலும் பொருந்தும்படி செய்திருக்கலாம். செய்திருந்தால் கம்பிகளும் சர்க்யூட்டும் இரட்டித்து, செலவும் இரட்டித்திருக்கும் என்று அஜய் பட் பிற்காலத்தில் விளக்கினார். மேஜைக்கடியில் குனிந்து, இருட்டில் தடவி, பொருந்தவில்லையென்று புரட்டிச் செருகி அலுத்தவர்கள் கோடிக்கணக்கானவர்கள். ஆயினும் பிளக்கை வகுத்தவர்கள் செய்தது சரியே என்பது என் அபிப்பிராயம். இரட்டை விலைக்கு அதை ஏற்றுக்கொள்ள எந்த மௌஸ் வியாபாரியும் முன்வந்திருக்க மாட்டான், ஏற்றுக்கொள்ளப்படாத பிரமாணம் எத்தனை நேர்த்தியாக இருந்தும் பிரயோஜனமில்லை.

இதற்குச் சாட்சி சமகாலத்திலேயே இருந்தது. 1995-இல் பிரமாணமான ஃபயர்வயர் என்ற இன்னோர் இணைப்பு, செகண்டுக்கு 400 மெகாபிட் வேகத்தில் சென்றது. நடுவில் கம்ப்யூட்டர் இல்லாமலே ஒரு வீடியோ காமிரா இன்னொன்றோடு பேசும் சாமர்த்தியம் அதற்கு இருந்தது. ஆனால் ஒவ்வோர் உபகரணமும் தானே தலைவனாக இருக்கத்தக்க அறிவைச் சுமக்க வேண்டியிருந்ததால் ஒவ்வொன்றுக்கும் விலை ஏறிற்று. அதன்மேல், 1999 தொடக்கத்தில் ஆப்பிள் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு டாலர் உரிமைத் தொகை கேட்டது. எதிர்ப்பு எழுந்து, பிறகு உபகரணம் ஒன்றுக்குக் கால் டாலராகக் குறைத்தும், மனம் முறிந்தவர்கள் திரும்பவில்லை. யு.எஸ்.பி.யின் பேடன்ட் உரிமைகளுக்கோ ராயல்டி கேட்பதில்லை என்று இன்டெல் முதலியவர்கள் தொடக்கத்திலேயே தீர்மானித்திருந்தார்கள். தயாரிப்பாளர் எண்ணுக்கு ஒரு கட்டணம் உண்டு, அவ்வளவே. இந்தச் சரித்திரம் முழுவதிலும் மிகப் பெரிய செயல் எது என்று என்னைக் கேட்டால், இந்த விட்டுக்கொடுத்தலையே சொல்வேன்.

இவ்வளவு நல்ல காரியமும் முதல் இரண்டு வருஷங்கள் அனாதையாகவே கிடந்தது. 1996 முதல் கம்ப்யூட்டர்களில் போர்ட் இருந்தது. அதில் செருக உபகரணம் இல்லை, இருந்தாலும் விண்டோஸ் 95 அதை அறியவில்லை. அதற்கென்று தனியே வெளியிட்ட அரைகுறை மென்பொருள் இணைப்பை நிறுவிக்கொண்டவர்களும் சொற்பம். 1998 ஏப்ரலில் சிகாகோ நகரத்துக் காம்டெக்ஸ் கண்காட்சியில், பில் கேட்ஸ் மேடையில் நிற்க, வெளிவரவிருந்த விண்டோஸ் 98-இல் ஒரு ஸ்கேனரை யு.எஸ்.பி. வழியே செருகிக் காட்டியபோது, பெரிய கூட்டத்தின் எதிரில் திரை முழுதும் நீலமாகி யந்திரம் நின்றுவிட்டது. சுமையைத் தன் தோளில் வாங்கிக்கொண்ட கம்ப்யூட்டர் அதைத் தாங்கப் பழக இன்னும் சில மாதங்கள் வேண்டியிருந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் ஆப்பிள் தன் நீல நிற ஐமேக் கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, தன் சொந்தப் பழைய இணைப்புகள் எல்லாவற்றையும், ஃப்ளாப்பி டிரைவையுங்கூட நீக்கிவிட்டு, இரண்டே இரண்டு யு.எஸ்.பி. போர்ட்டுகளை வைத்தது. வேறு வழியில்லாதபடி செய்துவிட்டதனாலேயே வழி திறந்தது: பிரிண்டர், ஸ்கேனர், டிரைவ் செய்வோர் அனைவரும் யு.எஸ்.பி.க்கு மாறினார்கள், மாறிய பின் அதே சரக்கு விண்டோஸ் யந்திரங்களுக்கும் பயன்பட்டது. இன்டெல் பெற்ற பிள்ளையை ஆளாக்கியது, அந்நாளில் அதன் எதிர்முகாமில் இருந்த ஆப்பிள்.

2000 ஏப்ரலில் வந்த இரண்டாம் பிரமாணம் வேகத்தை 480 மெகாபிட்டாக உயர்த்தியது. வேகத்தில் ஃபயர்வயருக்கு இருந்த தனிச் சிறப்பு அத்துடன் தீர்ந்தது. அதே ஆண்டில் சிங்கப்பூரின் ட்ரெக் நிறுவனமும், இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் செய்ததை ஐ.பி.எம்.மும் பென் டிரைவை விற்பனைக்குக் கொண்டுவந்தன, ஐ.பி.எம். விற்ற முதல் டிரைவின் கொள்ளளவு 8 மெகாபைட், ஃப்ளாப்பியைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். தமிழ்நாட்டில் டி.டி.பி. கடையில் அடித்த கல்யாணப் பத்திரிகை, அச்சாபீசுக்குச் சட்டைப் பையில் பிரயாணம் செய்யத் தொடங்கியது இதன் பிறகுதான்.

செல்போன் வந்ததும் பிளக் சிறுத்தது. 2007-இல் வந்த மைக்ரோ பிளக்கில் என் மனத்தைக் கவர்வது அதன் சிறிய உருவம் அன்று, தேய்மானத்தைப்பற்றி அதை வகுத்தவர்கள் செய்த முடிவு. செருகிப் பிடுங்கும்போது முதலில் தளர்வது, பிடித்துக்கொள்ளும் வில். அந்த வில்லைப் போனின் உள்ளே வைக்காமல் கேபிளின் நுனியில் வைத்தார்கள். 10,000 முறை செருகத்தக்கதாக அதை வகுத்து, அப்படியும் தேய்ந்தால் கெடுவது விலை குறைந்த கேபிளாக இருக்கட்டும், விலையுயர்ந்த போன் பிழைக்கட்டும் என்று எண்ணினார்கள். 1994-இன் தர்மம் அதில் மாறாமல் இருந்தது.

மௌஸ் விழித்திருப்பதற்காக வைத்த 5 வோல்ட் மின்சாரம் போனின் பேட்டரியை நிரப்பப் பயன்படும் என்று அதை முதலில் வகுத்தவர்கள் எதிர்பார்க்கவில்லை. 2006 இறுதியில் சீன தேசம் போன் சார்ஜர்களுக்கு யு.எஸ்.பி.யை விதித்தது, 2009-இல் ஐரோப்பாவில் போன் கம்பெனிகள் தாமாக முன்வந்து மைக்ரோ பிளக்குக்கு உடன்பட்டன. 2.5 வாட்டில் தொடங்கிய அந்தச் சிறு ஊற்று, 2021-இன் திருத்தத்தில் 240 வாட் வரை பெருகியது.

2014 ஆகஸ்டில் முடிவான டைப்-சி இணைப்பில், அஜய் பட் செலவுக்கு அஞ்சித் தவிர்த்த இரட்டிப்பு நிறைவேறியது: நான்குக்குப் பதில் 24 தொடுமுனைகள், மேலே பன்னிரண்டு, கீழே பன்னிரண்டு. இருபது வருஷங்களில் சில்லின் விலை அவ்வளவு இறங்கியிருந்தது. கைக்கு வந்த சௌகரியம் பெரிது. ஆனால் சுமை வேறு வழியாக வாங்கியவர் தலைக்கே திரும்பியதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. வெளித்தோற்றத்தில் ஒன்றாகவே இருக்கும் இரண்டு டைப்-சி கேபிள்களில், ஒன்று 40 கிகாபிட் வேகத்தில் செல்லும், மற்றொன்றின் உள்ளே 2000-ஆம் வருஷத்துக் கம்பிகளே இருக்கும்; ஒன்று லேப்டாப்பை நிரப்பும், மற்றொன்று போனோடு நிற்கும். 2008-இல் யு.எஸ்.பி. 3.0 என்று பெயர் பெற்ற 5 கிகாபிட் வேகத்துக்கே, பின்னர் 3.1 ஜென் 1 என்றும், அதன் பின்னர் 3.2 ஜென் 1 என்றும் பெயர் மாற்றினார்கள்; ஒரு பொருளுக்கு மூன்று பெயர்களைச் சூட்டி, பெட்டியின்மேல் எதை வேண்டுமானாலும் அச்சிட இடங்கொடுத்தார்கள். கூகிளில் பணியாற்றிய பென்சன் லியுங் என்ற என்ஜினீயர், கடையில் விற்ற கேபிள்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து முடிவுகளை வெளியிட்டு வந்தார். 2016 தொடக்கத்தில், கம்பிகள் மாறிப் பொருத்தப்பட்ட ஒரு கேபிள் அவருடைய லேப்டாப்பையே எரித்துவிட்டது. கைதேர்ந்தவருக்கே இந்தக் கதி என்றால் கடைக்குப் போகும் சாமானியர் என்ன செய்வார்? இந்தப் பிரமாணங்களை வகுத்த சபையார்மேல் எனக்குள்ள வருத்தம் பெரிது. வேகத்தைக் கூட்டுவதில் காட்டிய சிரத்தையில் ஒரு பங்கைப் பெயரிடுவதிலும் கேபிளின்மேல் அடையாளம் பொறிப்பதிலும் அவர்கள் முதலிலேயே காட்டியிருக்க வேண்டும். வேகத்தை கிகாபிட்டிலும் சக்தியை வாட்டிலும் வெளிப்படையாக எழுதும் புதிய முத்திரைகள் பின்னர் வந்தன என்பது ஆறுதல். கடைகளில் பழைய சரக்கு இன்னும் கலந்தே கிடக்கிறது.

கம்பெனிகள் மனமுவந்து செய்யாததைச் சட்டம் செய்வித்தது. ஐரோப்பிய யூனியன் 2022-இல் இயற்றிய விதியின்படி, 2024 டிசம்பர் 28 முதல் அங்கே புதிதாக விற்பனைக்கு வரும் போன்களிலும் டாப்லெட்டுகளிலும் டைப்-சி போர்ட் கட்டாயம். லேப்டாப்புகளுக்கு 2026 ஏப்ரல் 28 கெடு. பதினொரு வருஷம் தன் தனிப் பிளக்கை விடாதிருந்த ஆப்பிள், 2023 செப்டம்பரில் ஐபோன் 15-உடன் அதை விட்டது. இந்தியத் தர நிர்ணய அமைப்பும் 2023 தொடக்கத்தில் டைப்-சிக்குத் தர விதியை வெளியிட்டது.

டைப்-சி போர்ட்டின் 24 தொடுமுனைகளில் நட்டநடுவே இருக்கும் நான்கும் பழைய செய்திக் கம்பி இரண்டுக்கே உரியவை. எப்படிப் புரட்டிச் செருகினாலும் கிடைக்கும்படி இரு வரிசையிலும் அவற்றை வைத்திருக்கிறார்கள். இவ்வளவு வேகங்களும் வந்த பிறகு அந்த மந்தமான ஜோடி எதற்கு என்று அதை நீக்கியிருக்கலாம், நீக்கவில்லை. 1998-இல் ஐமேக்குக்காக வாங்கிய கீபோர்டை, மலிவான ஒரு சிறு அடாப்டரின் வழியே இன்றைய லேப்டாப்பில் செருகினால், அது பூஜ்யம் என்ற விலாசத்தில் தொடங்கி, பழைய முறைப்படியே தன்னை ஒப்புவித்துவிட்டு, கேள்விக்குக் காத்திருந்து, எழுத்துக்களை அனுப்புகிறது.